எல்லை அறிந்து தொகுப்போம்
(வேங்கிக்காலில் மாணவரிடையே ஆற்றிய உரை)



தமிழ்வழி பயின்ற மாணவன் ஒருவன், கூட்டுக் குவிவுப் பரவற்சார்பைக் காணுமிடத்துத் தவறினான். "தமிழிற் படித்தால் இப்படித்தான்" என்றார் அருகிருந்த ஒருவர். அதே தவற்றை ஆங்கிலவழி பயின்றோரும் செய்யக் கண்டிருக்கின்றேன். பிழை மொழியில் இல்லை. தொகையீட்டின் எல்லையில் இருந்தது.

மலைவலம் செல்ல நண்பர் இருவர் இவ்வூர் ஏரிக்கரையிற் கூடுவதாகக் கொள்வோம். குறித்த ஒரு மணி நேரத்துள் எப்பொழுதும் ஒவ்வொருவரும் ஒத்த வாய்ப்புடன் வரலாம். ஒருவர் வரவு மற்றவர் வரவைச் சாராது. முன்வருபவரின் நேரம் அ; பின்வருபவரின் நேரம் ஆ. முந்தியது பிந்தியதை விஞ்சாதன்றோ? எனவே, பக்கம் ஒன்றாக உள்ள கட்டத்துள், அ-வை விட ஆ பெரிதாயிருக்கும் முக்கோணத்தில் மட்டுமே நிகழ்தகவு பரவியுள்ளது. அதன் பரப்பு அரை; மொத்த நிகழ்தகவு ஒன்று; ஆகவே அடர்த்தி இரண்டு.

'மு' நேரத்துள் முன்னவரும் 'பி' நேரத்துள் பின்னவரும் வந்திருக்கும் நிகழ்தகவு யாது? அம்மாணவன் இரு மாறிகளையும் சுழியிலிருந்தே தொகையிட்டு, 2 × மு × பி என்றான். இரண்டிற்கும் ஒன்றை இட்டுப் பாருங்கள்: நிகழ்தகவு இரண்டாகிறது! உறுதிக்கு மேலும் ஓர் உறுதி உண்டோ?

'பி' பெரிதாயின், ஆ-வின் கீழெல்லை சுழியன்று, அ-வே. ஆ-வை அ முதல் பி வரையும், பின்னர் அ-வைச் சுழி முதல் மு வரையும் தொகையிடுக. 2 × மு × பி − மு² கிடைக்கும். மு அரை, பி முக்கால் எனின் விடை அரை. (முந்நூற்றிருபதில் ஒரு பங்கிற்கு முந்திரி எனப் பெயரிட்ட இனத்திற்கு அரையும் முக்காலும் அரிதல்ல!) தொகையீடின்றியும் சரிபார்க்கலாம். இருவரும் முக்காலுக்குள் வர 9/16, இருவரும் அரைக்குப் பின் முக்காலுக்குள் வர 1/16, கழித்தால் 8/16.

இனி எண்களை மாற்றுவோம்: மு முக்கால், பி அரை. முன்னைய வாய்பாட்டில் இட்டால் 3/16 வரும்; அது தவறு. பின்னவரே அரைக்குள் வந்துவிட்டால் முன்னவர் முன்பே வந்திருப்பார். இங்கு அ-வின் மேலெல்லை பி. விடை பி², அதாவது கால்.

வாய்பாட்டை மனப்பாடஞ் செய்தவனுக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும். அம்மாணவனிடம் நான் வேறொன்றுங் கூறவில்லை. முக்கோணத்தை வரையச் சொன்னேன். கோட்டின் எப்பக்கம் புள்ளி விழுகிறதென்று பார்த்தான். எல்லைகளைத் தானே திருத்தி எழுதினான், தமிழிலேயே.