ஈறுகளின் காவற்படை



பற்களின் நலம் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் பல்லைப் பற்றியே பேசுவர். நான் இன்று அதைத் தாங்கி நிற்கும் ஈற்றைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். பல் எத்துணை உறுதியாயினும், அதனைப் பிடித்து நிற்கும் நார்களும் எலும்பும் சிதைந்துவிட்டால் அது நிலைபெறாது. சொத்தை சிறிதுமில்லாத பல்லும் ஆடி விழுந்துவிடும்.

மனித வாயில் ஏறத்தாழ 700 வகை நுண்ணுயிர்கள் காணப்படுகின்றன. இவை பல்லும் ஈறும் கூடும் விளிம்பில் மெல்லிய படலமாகப் படிகின்றன. அவற்றை எதிர்க்க உடல் காவலை அமைத்திருக்கிறது. கிருமிகள் சிலவற்றின் புறச்சுவரை உடைக்கும் லைசோசைம் என்னும் பொருள் நம் உமிழ்நீரில் உண்டு. அதனை 1922இல் உலகுக்கு அறிவித்தவர் அலெக்சாந்தர் பிளெமிங். ஈற்றின் விளிம்பிலோ, குருதியிலிருந்து வெளிவரும் வெள்ளணுக்கள் இரவும் பகலும் காவல் புரிகின்றன.

அப்படியானால், வாய் அழுக்குற்ற அனைவர்க்கும் ஒரே அளவில் நோய் வருமா? இதற்கு விடை கிடைத்தது இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில். நார்வே நாட்டறிஞர் ஹரால்டு லோவும் அவருடைய தோழர்களும் 1970இல் அங்கே ஆண் தொழிலாளர் 480 பேரின் வாயைச் சோதித்தனர். அம்மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்களில் உழைப்போருட் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களின் வழிவந்தோர் என்பதை நீங்கள் அறிவீர்கள். சோதிக்கப்பட்டோர் பல் துலக்கும் வழக்கமில்லாதவர். அனைவர் பற்களிலும் படலமும் காரையும் மண்டிக் கிடந்தன. 1985 வரை அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது தெரியவந்தது என்ன? நூற்றுக்கு 8 பேருக்கு நோய் மிக விரைந்து முற்றியது. 81 பேருக்கு மெல்ல வளர்ந்தது. எஞ்சிய 11 பேருக்கோ ஈற்று வீக்கத்திற்கு அப்பால் அது செல்லவேயில்லை!

அழுக்கு ஒன்றே, விளைவு மூன்று. வேற்றுமை கிருமியில் மட்டுமன்று, அதனை எதிர்க்கும் உடலிலும் உண்டு என்பது இதனால் விளங்குகிறது. கிருமிகளை அழிக்க வெள்ளணுக்கள் வெளியிடும் நொதிகள், பல்லைக் கட்டிவைத்த நார்களையும் அரிக்கின்றன. அழற்சி நீடிக்குமானால், எலும்பைக் கரைக்கும் அணுக்களும் தூண்டப்படுகின்றன. கள்வனைத் துரத்த வந்த காவலர் மாதக்கணக்கில் வீட்டினுள்ளேயே நின்று போரிட்டால், சுவர் இடியாதோ? ஈற்று நோயில் நேரும் அழிவிற் பெரும்பகுதி இத்தகையதே.

ஆயின் மனந்தளர வேண்டுவதில்லை. லோ 1965இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், நல்ல ஈறுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவர் ஈறும் வீங்கிற்று. மீண்டும் துலக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே வீக்கம் தணிந்தது. எலும்பு கரையுமுன் பகையை அகற்றிவிட்டால், படை தானே பாசறை திரும்பும்.

நான் வாழும் வீரபாண்டி, திருப்பூரின் பின்னலாடைத் தொழிலோடு பிணைந்த ஊர். இங்கே துணியைச் சோதிப்போர், சிறு ஓட்டையைக் கண்டாலும் அத்துணியைத் தனியே எடுத்துவைப்பர். விட்டுவிட்டால் அது விரியும் என்று அறிவர். பல் துலக்கும்போது ஈற்றிற் கசியும் குருதியும் அத்தகைய ஓட்டையே. ஆனால் அதனைக் கண்டவுடன், புண்படும் என்றஞ்சித் துலக்குவதையே நிறுத்திவிடுவோர் நம்மிற் பலர். படலம் பெருகுகிறது, போரும் வலுக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரவு வேலையின் சோர்வு நீங்கப் பீடி, சிகரெட்டை நாடும் இளைஞர்கள் உண்டு. புகையிலை வெள்ளணுக்களின் செயலைக் குலைக்கிறது. அன்றியும், ஈற்றிற் குருதி கசிவதைக் குறைத்து நோயை மறைத்துவிடுகிறது. குருதி வரவில்லை என்று புகைப்போர் மகிழ்வது, மணி அறுந்த கோயிலில் பூசையே நடக்கவில்லை என்று எண்ணுவதற்கு ஒப்பாகும். நீரிழிவைக் கட்டுப்படுத்தாதவர்க்கும் இந்நோய் கடுமையாகிறது.

விரைந்து முற்றும் எட்டுப் பேருள் நாம் ஒருவரா, தப்பிய பதினொருவருள் ஒருவரா என்பதைக் கண்ணாடி பார்த்து அறிய இயலாது. ஆதலின் நாள்தோறும் இருமுறை ஈற்றின் விளிம்பு வரை மென்மையாகத் துலக்குங்கள். குருதி கசிவது நிற்காவிடில், வலி வரட்டும் என்று காத்திராமல் பல் மருத்துவரை நாடுங்கள். இந்நோய் பெரும்பாலும் வலியின்றியே வளர்வது. வீட்டிலுள்ள பெரியோர்க்கும் இதனை எடுத்துச் சொல்லுங்கள்.