வேலை திரும்பினால் கூலியும் திரும்புமா?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு இளைஞர் என் கையைப் பிடித்துக் கொண்டார். ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர். "ஹஜ்ரத், அமெரிக்காக்காரன் வரி போட்டுட்டானாம். எங்களுக்கு வாரத்துல மூணு நாள்தான் வேலை. அவங்க வேலையை அவங்க திருப்பிக் கேட்கிறாங்கன்னு முதலாளி சொல்றாரு. அப்படின்னா நாங்க யார் மேல கோபப்படுறது?" என்று கேட்டார். அன்று அவருக்கு ஆறுதல் சொன்னேனே தவிர, பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நடந்தது என்ன? 2025 ஏப்ரல் 2ஆம் தேதி அமெரிக்க அதிபர் டிரம்ப் உலக நாடுகளின் சரக்குகள் மீது வரிப் பட்டியலை அறிவித்தார். வெளிநாட்டுக்குப் போன தொழிற்சாலைகளும் வேலைகளும் தாயகம் திரும்ப வேண்டும் என்பது அவர் சொன்ன காரணங்களுள் முக்கியமானது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் மீதான வரி 50 சதவீதம் ஆயிற்று. திருப்பூர் பனியனும் ஆம்பூர் ஷூவும் தடுமாறின. அதன் பிறகும் வரி நின்ற இடத்தில் நிற்கவில்லை. வரி மாறலாம். ஆனால் கேள்வி மாறாது: வெளிநாடு போன குறைந்த கூலி வேலைகள் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டுமா?

அவர்களுடைய கண்ணீரும் கண்ணீர்தான்

சகோதரர்களே! நம் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று சொல்லி அமெரிக்கத் தொழிலாளியை ஏசிவிட்டுப் போவது எளிது. அது நியாயமாகாது.

வட கரோலினா மாநிலத்தில் கன்னாபோலிஸ் என்றொரு ஊர். துண்டும் படுக்கை விரிப்பும் நெய்த ஊர். தாத்தா, தகப்பன், மகன் என்று மூன்று தலைமுறை ஒரே ஆலைக்கு வேலைக்குப் போன ஊர். 2003 ஜூலை 30ஆம் தேதி அந்த ஆலை மூடப்பட்டது. அந்தப் பகுதியில் மட்டும் 4,000க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். அவர்களில் பலர் படிப்பை நடுவில் விட்டுவிட்டு ஆலைக்குள் போனவர்கள். வேறு தொழில் அறியாதவர்கள். பிறகு அந்த ஆலையை இடித்துவிட்டு அங்கே ஆராய்ச்சிக் கூடம் கட்டினார்கள். தறி ஓட்டியவருக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் என்ன வேலை?

1979இல் அமெரிக்காவில் தொழிற்சாலை வேலையில் இருந்தவர்கள் 1 கோடியே 95 இலட்சம் பேர். 2010இல் அது 1 கோடியே 15 இலட்சம் அளவுக்கு இறங்கியது. இயந்திரமும் ஆட்களைக் குறைத்தது. ஆனால் 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு விழுந்த அடி பலமானது. அது ஊர் ஊராக விழுந்த அடி. இவர்களுக்கு உதவ 1962இல் ஏற்படுத்திய மறுபயிற்சித் திட்டத்தைக்கூட 2022 ஜூலையோடு காலாவதியாக விட்டுவிட்டார்கள். விலை மலிந்த சட்டை எல்லோருக்கும் கிடைத்தது. அதன் சுமையைச் சில ஊர்கள் மட்டும் சுமந்தன. அந்த ஊர்க்காரர், "எங்கள் வேலையைத் திருப்பிக் கொடு" என்று கேட்டால் அதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். தென்பகுதிக்கு அந்த நெசவு வேலை எப்படி வந்தது? வடக்கே லோவெல், ஃபால் ரிவர் போன்ற நகரங்களில் ஓடிக் கொண்டிருந்த தறிகள், தெற்கே கூலி மலிவு, சங்கம் இல்லை என்று கண்டு இடம் பெயர்ந்தன. அன்று வடக்கே அழுதார்கள், தெற்கே சிரித்தார்கள். பிறகு தெற்கே அழுதார்கள். மலிவான கூலியைத் தேடி வந்த வேலை கூடாரம் அடித்தவனைப் போன்றது. அதைவிட மலிவான இடம் கண்டால் முளையைப் பிடுங்கிக் கொண்டு போய்விடும்.

திரும்பி வருவது எது?

சரி, வரி போட்டால் வேலை திரும்புமா? கணக்குப் பார்ப்போம். வணிகர்களுக்குக் கணக்கு பிடிக்கும்.

அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். எட்டு மணி நேரத்துக்கு 58 டாலர். வங்கதேசத்தில் ஆயத்த ஆடைத் தொழிலாளிக்கு 2023 டிசம்பர் முதல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 டாக்கா. அன்றைய மதிப்பில் 115 டாலருக்கும் குறைவு. அங்கே ஒரு மாதம் தைப்பவர் பெறுவது, இங்கே இரண்டு நாள் குறைந்தபட்சக் கூலி! எந்த வரி இந்தப் பள்ளத்தைத் தூர்க்கும்?

2018இல் வாஷிங் மெஷின் இறக்குமதிக்கு வரி போட்டார்கள். வேலை வரத்தான் செய்தது. ஏறத்தாழ 1,800 பேருக்கு. ஆனால் விலை ஏறியதால் மக்கள் கூடுதலாகக் கொடுத்ததைப் பொருளியலாளர்கள் கணக்கிட்டபோது, ஒரு வேலைக்கு ஆண்டுக்கு 8 இலட்சம் டாலருக்கு மேல் வந்தது. அந்தத் தொழிலாளி வாங்கியது அதில் எத்தனையில் ஒரு பங்கு?

ஷூ வியாபாரிகளுக்குத் தெரிந்த இன்னொரு கதை. அடிடாஸ் நிறுவனம் ஜெர்மனியின் ஆன்ஸ்பாக்கிலும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரோபோக்கள் ஓட்டும் ஷூ தொழிற்சாலைகளைத் திறந்தது. ஆசியாவுக்குப் போன ஷூ மேற்கே திரும்பிவிட்டது என்று கொண்டாடினார்கள். 2019 நவம்பரில் இரண்டையும் மூடப் போவதாக அறிவித்து, அந்தத் தொழில்நுட்பத்தை வியட்நாமிலும் சீனாவிலும் உள்ள ஆலைகளுக்குக் கொடுத்துவிட்டது.

டிரம்பின் அமைச்சர் ஒருவர், ஐஃபோனுக்குத் திருகாணி முடுக்கும் வேலை அமெரிக்காவுக்கு வரும் என்று ஏப்ரலில் சொன்னார். மே மாதமே அதிபர், சட்டையும் ஷூவும் தைப்பது தம் நோக்கமில்லை, பெரிய பொருள்களைச் செய்வதே நோக்கம் என்றார். அந்த மக்களின் மனமும் இதில் இரண்டாகத்தான் இருக்கிறது. 2024இல் எடுத்த ஒரு கருத்துக் கணிப்பில், தொழிற்சாலை வேலை பெருகினால் நாட்டுக்கு நல்லது என்றவர்கள் நூற்றுக்கு 80 பேர். தாமே அங்கு வேலைக்குப் போனால் தமக்கு நல்லது என்றவர்கள் 25 பேர்!

திரும்பி வந்த இடத்தில் நடந்தது

சரி, எந்திரம் வராமல் ஆள் வேலையே திரும்பினால்? அதற்கும் சாட்சி இருக்கிறது. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரம். இணையத்தில் ஆடை விற்கும் கம்பெனிகளுக்குச் சரக்கு நாலே நாளில் வேண்டும். கப்பலில் வரும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே தையல் வேலை லெஸ்டருக்குத் திரும்பியது. தைத்தவர்களில் பெரும்பாலோர் நம் துணைக்கண்டத்து வம்சாவளியினர். 2020இல் உண்மை வெளிவந்தது. சட்டப்படி மணிக்கு 8.72 பவுண்டு கொடுக்க வேண்டிய இடத்தில் 3.50 பவுண்டுக்கு வேலை வாங்கினார்கள். செய்தி அம்பலமானதும் கூலியை உயர்த்தினார்களா? ஆர்டர்கள் மறுபடியும் வெளிநாட்டுக்குப் போயின. பல பட்டறைகள் மூடப்பட்டன.

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கமும் இதே கதை. அமெரிக்கத் தொழிலாளர் துறை 2023இல் வெளியிட்ட ஆய்வில், மணிக்கு 1.58 டாலர் கொடுத்த தையல் ஒப்பந்தக்காரர் ஒருவர் இருந்தார். "மேட் இன் அமெரிக்கா" என்று முத்திரை குத்திவிட்டால் கூலி தானாக உயராது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே என் கருத்து இது. குறைந்த கூலி வேலையை வரி போட்டு இழுத்து வருவது கன்னாபோலிஸ் தொழிலாளிக்கு நீதியாகாது. அவர் இழந்தது வெறும் தறியை மட்டுமா? குடும்பம் நடத்தும் சம்பளம், நாளைக்கும் வேலை உண்டு என்ற நிம்மதி, ஊரில் ஒரு மதிப்பு, இவற்றையும் சேர்த்துத்தான் இழந்தார். திரும்பி வருவதோ எந்திரம், இல்லையென்றால் 3.50 பவுண்டு. அவருக்கு வேண்டியது சட்டம் காக்கும் கூலியும், புதுத் தொழில் பழக அவகாசமும், அதுவரை வீட்டில் அடுப்பெரிய உதவியும். அதை அவருடைய அரசு தரவில்லை. டாக்காவின் தையற்காரியா அதைப் பறித்தார்?

நம் பக்கம் திரும்புவோம்

இதுவரை கைதட்டினீர்கள். இனிச் சொல்வதற்குத் தட்டமாட்டீர்கள்.

வேலை இங்கே இருப்பதே போதும் என்று நாம் மகிழ முடியுமா? 1911இல் நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தது. கதவு பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே சட்டங்கள் கடுமையாயின. 102 ஆண்டுகள் கழித்து, 2013 ஏப்ரல் 24ஆம் தேதி டாக்கா அருகே சாவாரில் ராணா பிளாசா இடிந்தது. முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டு கீழ்த்தளத்து வங்கியை மூடிவிட்டார்கள். தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வேலை கடல் கடந்தபோது ஆபத்தும் கூடவே கடல் கடந்து வந்தது.

நம் பாலாறு என்ன ஆயிற்று? மேல்நாடுகள் தங்கள் ஊரில் வேண்டாம் என்று ஒதுக்கிய தோல் பதனிடும் வேலை இங்கே பெருகியது. பாலாற்றைக் கெடுத்தவர்களே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. 2015 ஜனவரி 31ஆம் தேதி ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுடைய தாய்மாருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

முதலாளிமார்களே! வரி ஏறிய மாதத்தில் ஒருவர் என்னிடம், "பீஸ் ரேட்டைக் குறைத்தால்தான் தாக்குப்பிடிக்க முடியும் ஹஜ்ரத்" என்றார். "ஆர்டர் கொட்டிய வருடங்களில் ரேட்டை உயர்த்தினீர்களா?" என்று கேட்டேன். பேச்சு அத்தோடு நின்றது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, நஷ்டத்தில் மட்டும் தொழிலாளியைப் பங்காளியாக்குவது எந்த நீதி?

மூன்று காரியங்களைச் சொல்கிறேன். ஒன்று: மலிவான கூலி ஒன்றையே முதலாக வைத்து வியாபாரம் செய்யாதீர்கள். நம்மைவிட மலிவான ஊர் எப்போதும் ஒன்று இருக்கும். தரம், சொன்ன தேதிக்குச் சரக்கு, சொந்த டிசைன், உள்நாட்டுச் சந்தை, ஒரே நாட்டை நம்பாமல் பல நாட்டு வாடிக்கையாளர், இவைதான் நிற்கும். இரண்டு: பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்தால் ஒழுங்காகக் கட்டுங்கள். வேலை குறையும்போது கணக்கைத் தொழிலாளி முன் திறந்து பேசுங்கள். மூன்றாவது இளைஞர்களுக்கு: தையல் மெஷினோடு நின்றுவிடாதீர்கள். பேட்டர்ன் வெட்டவும், எந்திரம் பழுது பார்க்கவும், தோலைப் பரிசோதிக்கவும், வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசவும் பழகுங்கள். கூடாரம் கிளம்பினாலும் கைத்தொழில் உங்களோடு இருக்கும்.

அந்த இளைஞருக்கு இப்போது என் பதில். தம்பி! அமெரிக்கத் தொழிலாளி மீது கோபப்படாதே. அவரும் உன்னைப் போல் ஏமாற்றப்பட்டவர். டாக்காவின் சகோதரி மீதும் கோபப்படாதே. உன்னைவிடக் குறைந்த கூலிக்கு அவரை நிறுத்தியிருக்கிறார்கள். உங்கள் மூவரையும் ஒருவருக்கொருவர் போட்டியாக நிறுத்தி, எவர் மலிவு என்று விலை பேசுகிறதே, அந்த வழக்கத்தின் மீது கோபப்படு. அந்த வழக்கம் நம் மஹல்லாவிலும் இருந்தால், அதை முதலில் இங்கே கேள்.

கொடுக்கும் கை நீதியாகக் கொடுக்கவும், உழைக்கும் கை மானத்தோடு பெறவும் வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! வஸ்ஸலாம்.