சொல்வதா வேண்டாமா, அது அவள் முடிவு

(குன்றத்தூரில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். எதிர்பாராமல் கரு தங்கிவிட்டால், அதைக் காதலனிடமோ கணவனிடமோ ஒரு பெண் சொல்லித்தான் ஆகவேண்டுமா? "மறைப்பது ஏமாற்று இல்லையா, அவனுக்கும் பங்கு உண்டே" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள்.

முதலில் சட்டம். 1971ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் போதும். மைனருக்கும் மனநோய் உள்ளவருக்கும் மட்டுமே காப்பாளர் கையெழுத்து. 2021 திருத்தத்தில் 'கணவர்' என்ற சொல் 'துணைவர்' என்று மாறியது. ஆனால் கருத்தடை பலிக்காமல் போவதைப் பற்றிய இடத்தில்தான் அந்தத் துணைவர் வருகிறார். சம்மதம் பற்றிய பிரிவில் அவர் இல்லை. தன்னைக் கேட்காமல் மனைவி கருவைக் கலைத்ததற்கு நஷ்டஈடு கேட்டு ஒரு கணவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017இல் அது தள்ளுபடியானது. 20 முதல் 24 வாரம் வரையிலான கருக்கலைப்பில் மணமாகாத பெண்ணை ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பத்தார் சம்மதம் போன்ற, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் போடக் கூடாது என்றும் சொன்னது. இவ்வளவுக்குப் பிறகும் "வீட்டுக்காரர் வந்திருக்காராம்மா?" என்ற கேள்வி நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை? அகமண முறையில்தான் சாதி உயிர் வாழ்கிறது என்று 1916லேயே அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அந்த முறையைக் காக்கப் பெண்ணின் கருப்பையைக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடைக்காக அவர் தயாரித்த உரையை பி.ஜே. ரோகம் படித்தார். தீர்மானம் தோற்றது. மற்றவர்கள் உடல்நலத்துக்காகவும் குடும்பப் பொருளாதாரத்துக்காகவும் கர்ப்பத்தடை பேசியபோது, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று எழுதியவர் பெரியார்.

சொன்னால் என்ன ஆகும் என்பதையும் சாதிதான் தீர்மானிக்கிறது. 2017 ஜனவரியில் அரியலூர் மாவட்டத்தில் 17 வயது தலித் சிறுமியின் உடல் கிணற்றில் கிடைத்தது. அவள் கருவுற்றிருந்தாள், திருமணம் செய்துகொள்ளக் கேட்டாள், அதற்காகவே கொல்லப்பட்டாள் என்பதுதான் குற்றச்சாட்டு. அவள் குழந்தை, அவளுக்கு நடந்தது பாலியல் குற்றம். அதோடு, சொன்ன ஒரு பெண்ணுக்குக் கிடைத்த பதிலும் அது. பெண் ஆதிக்க சாதி, பையன் தலித் என்றால், செய்தி அவள் வீட்டுக்குப் போனதும் இருவர் உயிருக்கும் ஆபத்து. "சொல்லிடும்மா" என்று அறிவுரை சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

வேலையிடத்திலும் வாய் திறக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கும்போது மணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. கருக்கலைப்புக்கு 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. அதை வாங்க வேண்டுமானால் சான்றிதழ் கொடுத்து கம்பெனியிடம் சொல்ல வேண்டும். எத்தனை பேர் சொல்வார்கள்?

அப்படியானால் அவனுக்கு உரிமையே இல்லையா? குழந்தையைப் பெற்று வளர்ப்பது என்று அவள் முடிவெடுத்தால், அவனுக்குக் கடமை வருகிறது. தாலி கட்டாவிட்டாலும் பிள்ளைக்கு ஜீவனாம்சம் உண்டு. அந்த நிலையில் சொல்வது அவளுக்குப் பயன்படும். வேண்டாம் என்று முடிவெடுத்தால், அவள் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்பிக்கை இருக்கிற இடத்தில் பெண்கள் தாமாகவே சொல்கிறார்கள். ஆண் தோழர்களே, உங்களிடம் பயமில்லாமல் சொல்ல முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சொன்னால், அவளைக் கேட்காமல் உங்கள் அம்மாவுக்குக்கூடப் போன் போடாதீர்கள்.

உங்கள் அறைத்தோழி "நாள் தள்ளிப்போச்சு" என்றால், "அவன்கிட்ட சொன்னியா?" என்று தொடங்காதீர்கள். "எத்தனை வாரம்? உனக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். 9 வாரம் வரை மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையாலேயே முடியும். மெடிக்கலில் தானாக வாங்கிப் போட விடாதீர்கள். சொல்வதா வேண்டாமா என்ற குழப்பத்தில் வாரங்கள் ஓடிவிடும். அரசு மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். அவள் பெயரை வெளியிடுகிற மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு என்பதையும் சொல்லிக் கூட்டிப் போங்கள். அவனிடம் சொல்வதை அவள் பிறகு பார்த்துக்கொள்வாள்.

ஜெய்பீம்.