பிரேமிங்ஹாம் நகரத்தார்



அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1944-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இருதய நிபுணர் ஹோவர்ட் புரூயன் பரிசோதித்தபோது, அவருடைய இரத்த அழுத்தம் 186-க்கு 108 என்ற அளவில் இருந்தது. இருதயமோ விரிந்து சோர்ந்துபோயிருந்தது. வயது ஏற ஏற அழுத்தமும் ஏறுவது சகஜமே, அதை வலிந்து குறைத்தால் உறுப்புகளுக்கு இரத்தம் போதாமற் போய்விடும் என்பது அக்காலத்து வைத்தியர் பலரின் அபிப்பிராயமாதலால், பல ஆண்டுகளாக ஏறிவந்த அந்த அழுத்தத்தை அதுவரை எவரும் பாரதூரமாகக் கருதவில்லை. மறு ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி மூளையில் இரத்தம் கசிந்து அவர் காலமானார்.

இருதய வியாதியின் காரணங்கள் அன்று யாருக்கும் திட்டமாகத் தெரியா. வைத்தியர்கள் வியாதி முற்றி வந்தவர்களையும், மாண்டபின் அறுத்துப் பார்த்த உடல்களையுமே ஆராய்ந்து வந்தார்கள். சௌக்கியமாக நடமாடும் ஜனங்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து, அவர்களுள் யாருக்கு வியாதி வருகிறது, யாருக்கு வரவில்லை, இருவருக்கும் முன்பே இருந்த வேற்றுமை யாது என்று காணத் துணிந்த ஆராய்ச்சி, மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் பாஸ்டனுக்கு மேற்கேயுள்ள பிரேமிங்ஹாம் என்ற நகரத்தில் 1948-இல் ஆரம்பமாயிற்று. ஏறக்குறைய 28,000 பேர் வாழ்ந்த ஊர் அது. முன்னொரு காலத்தில் க்ஷயரோக ஆராய்ச்சிக்கும் இடங்கொடுத்துப் பழகிய ஊர். ஊர்க்காரர்களே குழு அமைத்து அண்டை அயலாரை அழைத்துவர, சுமார் 30 வயது முதல் 62 வயது வரையிலான 5,209 பேர் சேர்ந்தார்கள். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள்; மாரடைப்பு ஆண்களின் வியாதி என்றே பலரும் எண்ணியிருந்த அந்நாளில் இது தொலைநோக்குள்ள ஏற்பாடு என்றே சொல்வேன்.

இவர்கள் நோயாளிகள் அல்லர். மருந்து பெற வந்தவர்களும் அல்லர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவார்கள். புஜத்தில் பட்டையைச் சுற்றிக் காற்றடைக்க, பாதரசம் குழாயில் மேலேறும். காற்றை மெல்ல விடும்போது முழங்கை மடிப்பில் நாடி ஒலிக்கத் தொடங்கும் அளவையும், அவ்வொலி அடங்கும் அளவையும் வைத்தியர் குறித்துக்கொள்வார். பிறகு எடை பார்ப்பார்கள், இரத்தம் எடுப்பார்கள், இருதயத்தின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் கோடுகளாகப் பதிவார்கள். இந்தக் கோடுகளால் வெளிப்பட்ட விஷயமொன்று இன்றும் என்னைத் திடுக்கிடச் செய்கிறது. வலியென்று ஒருநாளும் படுத்தறியாத சிலருக்கு, இரண்டு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் மாரடைப்பு வந்துபோன தழும்பு அக்காகிதத்தில் தெரிந்தது!

தாமஸ் டாபர், வில்லியம் கானல் முதலிய வைத்தியர்கள் இக்கணக்குகளை வெகு பொறுமையோடு ஆராய்ந்தார்கள். உயர்ந்த இரத்த அழுத்தமும், இரத்தத்தில் மிகுந்த கொலஸ்டிராலும் மாரடைப்புக்கு முன்னறிகுறிகள் என்று 1961-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை நிலைநாட்டிற்று. புகைபிடிப்பதன் தீங்கும் அவ்வாண்டுகளிலேயே தெளிவாயிற்று. முதுமையில் அழுத்தம் ஏறுவது இயல்பு என்ற பழைய கொள்கை, எந்த மேதையின் வாதத்தாலும் அன்று, ஓர் ஊர் ஜனங்கள் தம் கையை நீட்டிக் கொடுத்த அளவுகளாலேயே வீழ்ந்தது. வைத்தியர்களின் புகழை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும், தமக்கு உடனடியாக யாதொரு லாபமும் இல்லையென்று அறிந்தே, வேறூர் சென்று குடியேறியபின்னும் பரிசோதனைக்காகத் திரும்பி வந்த அந்தச் சாமானியர்களுக்கே முதல் வணக்கம் உரியது என்பது என் துணிபு.

அவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தினர். ஆகையால் அவர்களிடம் கண்ட அளவைப் பிற நாட்டாருக்கு அப்படியே பொருத்தினால் கணக்குப் பிழைக்கக்கூடும். இக்குறையை உணர்ந்து, நகரத்தில் பின்னாளில் குடியேறிய பிற இனத்தவரை 1994 முதல் ஆராய்ச்சியில் சேர்த்தார்கள். முதலில் வந்தவர்களின் பிள்ளைகளும், அப்பிள்ளைகளின் வாழ்க்கைத் துணைவர்களுமாக 5,124 பேர் 1971-இல் தொடங்கிய இரண்டாம் வரிசையில் சேர்ந்தார்கள். 2002 முதல் பேரப்பிள்ளைகளும் அதே சோதனைக்கு வரலானார்கள்.