மனு வேறு, வேலைக் கடிதம் வேறு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பயிற்றுநர் ஆற்றிய உரை)



சாப்பாட்டுக்கு முன்னால் இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பயோடேட்டாவுக்கு மேலே ஒரு பக்கக் கடிதம் வைக்கிறோமே, கவரிங் லெட்டர் என்கிறார்களே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கடன், சேமிப்பு, தையல் மெஷின் என்று பேசுகிற இடத்தில் இது எதுக்கு என்று சிலர் நினைக்கலாம். நம்ம ஊர் மாறிக்கொண்டு வருகிறது. பருத்தி எடுக்கவும், மக்காச்சோளம் ஒடிக்கவும், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கவும் போன கைகள் நம்முடையவை. இதுக்கெல்லாம் யாரும் கடிதம் கேட்டதில்லை. விடியக்காலம் வந்து வாசலில் நின்னு கூப்பிட்டால் போதும். 2022 நவம்பரில் எறையூரில் சிப்காட் தொழில் பூங்கா திறந்தார்கள். 2024 நவம்பரில் ஜெயங்கொண்டம் மகிமைபுரத்தில் தைவான் நாட்டுக் காலணி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், 15,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். காலணித் தொழிற்சாலை என்றால் தைக்கிற வேலை மட்டும் இல்லை. ஸ்டோர், கேன்டீன், தரம் பார்க்கிற வேலை, வருகைப் பதிவு எழுதுகிற வேலை எல்லாம் இருக்கும். அதுக்கெல்லாம் காகிதம்தான் நமக்கு முன்னால் உள்ளே போகும்.

அந்தக் காகிதத்தில் நாம் என்ன எழுதுகிறோம்? பயிற்சிக்கு வருகிறவர்கள் என்னிடம் காட்டுகிற கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்:

"ஐயா, நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவள். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள் உள்ளனர். என் கணவருக்கு நிரந்தர வருமானம் இல்லை. ஆகவே எனது குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு, கருணை கூர்ந்து ஏதாவது ஒரு வேலை வழங்குமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இது மனு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்துக் கொடுத்துக் கை பழகிப்போன எழுத்து. முதியோர் உதவித்தொகைக்கும் வீட்டுமனைப் பட்டாவுக்கும் நம் நிலைமையைத்தான் எழுதணும், அங்கே அது சரி. தொழிற்சாலை ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் நம் கஷ்டத்தை அளக்க உட்காரவில்லை. அவருக்கு ஸ்டோரில் ஓர் ஆள் இல்லை, சரக்குக் கணக்கு நிற்கிறது. "ஏதாவது ஒரு வேலை" என்று படித்ததும், இந்த அம்மாவுக்கு எந்த வேலை தெரியும் என்று இவங்களுக்கே தெரியவில்லை போலிருக்கிறதே என்றுதான் நினைப்பார். இரக்கப்படுகிறவர்கூட, இரக்கப்பட்டுக்கொண்டே அடுத்த கடிதத்தை எடுப்பார்.

வேப்பந்தட்டைப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி இதே மாதிரி எழுதிக்கொண்டு வந்தாள். "உனக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்டேன். "எனக்கு என்னக்கா தெரியும், வீட்டுலதான் இருக்கேன்" என்றாள். அவள் ஆறு வருஷமாக ஒரு குழுவின் ஊக்குநர்! பதினான்கு பேர் சந்தாவை எண்ணி வாங்கி, ரொக்கப் புத்தகம் எழுதி, பேங்க்குக்கு நடந்து, தவணை கட்டி, தணிக்கைக்குப் பதில் சொல்லி, சண்டை வந்தால் தீர்த்தும் வைக்கிறவள். இதுக்குப் பெயர் "வீட்டுலதான் இருக்கேன்"! அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிப் பேசி எழுதினோம். இப்படி வந்தது:

"தங்கள் நிறுவனத்தில் ஸ்டோர் உதவியாளர் பணியிடம் காலியாக உள்ளது என்று அறிவிப்பில் பார்த்தேன். அந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். பிளஸ் டூ தேர்ச்சி பெற்றுள்ளேன். ஆறு ஆண்டுகளாக, 14 உறுப்பினர்கள் கொண்ட மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநராக இருந்து ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம் எழுதி வருகிறேன். இந்த ஆறு ஆண்டுகளில் வங்கிக் கடன் தவணை ஒருமுறையும் தவறவில்லை. ஆகவே சரக்கு வரவு, செலவு, இருப்பு ஆகியவற்றைத் தவறின்றி எழுத என்னால் முடியும். கணினியில் பதிவு செய்யப் பழக்கமில்லை, கற்றுக்கொள்ள விருப்பம். காலை ஷிப்டுக்கு எங்கள் ஊரிலிருந்து பேருந்து உள்ளது. கூட்டமைப்பு வழங்கிய சான்று இணைத்துள்ளேன்."

அவ்வளவுதான், ஒரு பக்கம்கூட இல்லை. எந்த வேலை என்று முதலிலேயே வந்துவிட்டது. செய்த வேலைக்கு எண்ணிக்கை இருக்கிறது. "கடினமாக உழைப்பேன், நேர்மையாக இருப்பேன்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள், தவணை தவறவில்லை என்பதை அவள்தான் எழுத முடியும். தெரியாததையும் சொல்லியிருக்கிறாள். கம்ப்யூட்டர் தெரியும் என்று எழுதிவிட்டு, கீபோர்டு முன்னால் உட்கார வைத்ததும் முழிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கூப்பிட்டார்கள். ஆனால் அந்த வேலை டிகிரி முடித்த வேறொரு பெண்ணுக்குப் போனது. மூன்று மாதம் கழித்து அதே ஆபீசிலிருந்து போன்: கேன்டீன் கணக்குக்கு ஆள் வேணும், கணக்கு எழுதுவேன் என்று கடிதம் போட்டது நீங்கள்தானே என்று. இப்போது போய்க்கொண்டிருக்கிறாள்.

சான்று பற்றி ஒரு வார்த்தை. நேர்காணலுக்குக் குழுவின் கடன் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். யார் எவ்வளவு பாக்கி என்பது அதில் இருக்கிறது, அது மற்ற பெண்களின் விஷயம். குழுவில் தீர்மானம் போட்டு, "இன்னார் இத்தனை ஆண்டு இந்தப் பொறுப்பில் இருந்தார்" என்று கூட்டமைப்பின் லெட்டர்பேடில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் நிர்வாகிகளும் அதைத் தயங்காமல் கொடுக்கணும். கையெழுத்துக்கு நாலு தடவை அலைய விடக்கூடாது.

"எனக்கு எழுத வராதே" என்கிற அக்காமார்களுக்கு ஒரு கதை. கதை இல்லை, நடந்தது. மோனலிசா படம் வரைந்த லியொனார்டோ டாவின்சி, ஏறக்குறைய 1482-இல், இத்தாலியில் மிலன் நகர ஆட்சியாளருக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் தயார் செய்தார். அந்த ஆட்சியாளருக்கு அன்றைக்குப் போர்க் கவலை. அதனால், தூக்கிக்கொண்டு போகிற பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன் என்று வரிசையாகப் பத்து எழுதிவிட்டு, கடைசியில்தான் படமும் வரைவேன் என்றார். நமக்குக் கிடைத்திருக்கும் அந்தக் கடிதம் அவர் கையெழுத்திலேயே இல்லை, வேறொருவர் எழுதியது. ஆகவே மகளை எழுதச் சொல்லுங்கள், இ-சேவை மையத்தில் டைப் அடிக்கச் சொல்லுங்கள், வெட்கமே வேண்டாம். விஷயம் மட்டும் உங்களுடையதாக இருக்கணும். ஒரே மாதிரிக் கடிதத்தை ஜெராக்ஸ் போட்டுப் பேரை மட்டும் மாற்றி இருபது பேர் கொடுத்தால், ஒரு கடிதத்துக்கும் மதிப்பு இருக்காது.

குழந்தைக்காக நடுவில் ஏழெட்டு வருஷம் வேலைக்குப் போகவில்லையா? மறைக்க வேண்டாம், ஒரு வரி எழுதுங்கள். மாமியார் உடல்நிலையிலிருந்து மாமனார் குடி வரைக்கும் விளக்க வேண்டாம்.

அங்கன்வாடி, சத்துணவு வேலைகளுக்கு அரசு கொடுக்கிற படிவம்தான் முக்கியம், கடிதம் சும்மா மேலட்டை மாதிரி. அங்கே ஆதரவற்ற விதவைகளுக்கும் கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. ஆனால் அதையும் கண்ணீராக எழுதினால் நிற்காது, உரிய சான்றாக வைத்தால்தான் நிற்கும். "இணைப்புகள்" என்று கீழே வரிசை எண் போட்டு எழுதுங்கள். அசல் சான்றிதழை உறையில் போட்டு அனுப்பவே கூடாது. நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். தபாலில் போட்டால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று. "கடிதம் கிடிதம் ஒண்ணும் வேணாம், ஐம்பதாயிரம் குடு, நான் உள்ளே சேர்த்துவிடுறேன்" என்று ஊருக்கு ஓர் ஆள் கிளம்பியிருக்கிறான். குழுக் கடனை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு, இல்லாத வேலைக்குத் தவணை கட்டுகிற பெண்கள் நம் ஒன்றியங்களிலேயே இருக்கிறார்கள். அப்படி யாராவது கேட்டால் அடுத்த குழுக் கூட்டத்தில் பேர் சொல்லிப் பேசுங்கள், தனியாக முடிவு எடுக்காதீர்கள்.

சாப்பிட்டு முடித்ததும் நான் பின்பக்கத் தாழ்வாரத்தில் நாலு மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். விண்ணப்பிக்க நினைக்கிறவர்கள் ஒரு வெள்ளைத்தாள், பேனா, எந்த வேலைக்கு என்கிற விவரம், இது மூன்றோடு வாருங்கள். எத்தனை வருஷம் ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ இருந்தீர்கள் என்பதை உங்கள் குழுக்காரங்களைக் கேட்டு உறுதி செய்துகொண்டு வந்தால் சீக்கிரம் முடியும். சாம்பார் ஆறிக்கொண்டிருக்கிறது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார்.