படிக்கப் படிக்கத் தூக்கம் வருகிற புத்தகம்

(யானைக்கவுனியில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கமிருந்து வந்திருக்கீங்க. கிராமத்துக் குழுக்களிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம்.

போன மாதம் நம்ம வட்டத்தில் ஒரு சங்கடம். 'பிரதாப முதலியார் சரித்திரம்' படிக்கலாம் என்று முடிவு செய்திருந்தோம். மூன்றாவது வாரமே ஒரு அக்கா புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. "மண்டையில ஏறல. எட்டாவதோட நின்னவ நான், எனக்கெதுக்கு இதெல்லாம்?" என்றார். அதற்கப்புறம் கூட்டத்துக்கே வரவில்லை. ஒரு புத்தகம் பிடிக்காமல் போவது சாதாரணம். அதுக்காக தன்னையே மட்டமாக நினைத்துக்கொண்டு போயிட்டாரே, அதுதான் எனக்கு வருத்தம்.

உண்மையைச் சொல்றேன், எனக்கும் அந்தப் புத்தகம் போரடித்தது. ராத்திரி பாத்திரம் கழுவிப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் ரெண்டு பக்கத்துக்குள் கொட்டாவி. அதற்குக் காரணம் நம்ம படிப்பு இல்லை. அது 1879-இல் அச்சான புத்தகம், தமிழின் முதல் நாவல். எழுதியவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. பாட்டும் செய்யுளும் நிறைந்திருந்த மொழியில் உரைநடைக்கு முன்மாதிரி அதிகம் கிடையாது. அதனால் சமஸ்கிருத வார்த்தை நிறைய வரும். கதை நடுவில் குட்டிக் கதை, குட்டிக் கதை நடுவில் உபதேசம். இன்றைக்கு எம்.ஏ. படித்தவரும் தடுக்கித்தான் விழுவார்.

அப்படியானால் விட்டுடலாமா? நான் விடவில்லை, காரணம் ஞானாம்பாள். கதாநாயகனின் மனைவி. காணாமல் போன புருஷனைத் தேடி ஆண் வேஷத்தில் கிளம்புகிறாள், விக்கிரமபுரி என்கிற ஊருக்கு அரசனாகவே ஆகிவிடுகிறாள்! பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப யோசித்த காலத்தில் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார். இன்னொரு இடத்தில், ஜனங்களுக்குப் புரியாத இங்கிலீஷில் கோர்ட்டு நடப்பது என்ன நியாயம் என்று கேட்கிறது புத்தகம். கோர்ட்டு வராண்டாவில் நின்று, வக்கீல் என்ன பேசினார் என்று குமாஸ்தாவிடம் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்தப் பக்கத்தை நான் மூன்று தடவை படித்தேன். முன்சீப்பே எழுதியது என்பதை மறக்காதீங்க.

இதெல்லாம் புத்தகத்தில் பின்னால்தான் வருகிறது. அக்கா அதற்கு முன்னாடியே மூடிவிட்டார். யாராவது ஒருவர், "உபதேசம் வந்தா தாண்டிப் போங்கக்கா, ஒண்ணும் குத்தமில்ல" என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் யாரும் சொல்லவில்லை. தப்பு எங்கள் பேரில்.

'பொன்னியின் செல்வன்' விஷயமும் இப்படித்தான். 2022, 2023-இல் சினிமாவாக ரெண்டு பாகம் வந்ததும் பலர் ஆசையாக வாங்கினார்கள். ஐந்து பாகத்தைப் பார்த்து மலைத்து, முதல் பாகத்திலேயே நிறுத்தினவர்களும் உண்டு. ஆனால் கல்கி அதை 1950-லிருந்து 1954 வரை பத்திரிகையில் தொடர்கதையாகத்தான் எழுதினார். அன்றைக்கு வாரா வாரம் கொஞ்சம் படித்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் வந்தியத்தேவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாம் ஒரே வாரத்தில் முடிக்கப் பார்த்தால் திகட்டத்தான் செய்யும்.

அதற்காக எல்லாப் புத்தகத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்கணும் என்று சொல்ல மாட்டேன். நமக்குக் கிடைப்பது ராத்திரியில் அரை மணி நேரம். வட்டிக் கணக்கு மாதிரி பாக்கி வைக்காமல் கட்ட இது கடன் இல்லை. வார்த்தைதான் தடை என்றால் நாலு பேர் உட்கார்ந்து சத்தமாகப் படித்தால் பாதி தீரும். காதில் விழும்போது பழைய தமிழ் அவ்வளவு பயமுறுத்தாது. விஷயமே ஒட்டவில்லை என்றால் மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கலாம். எங்கள் குழுவில் ஒருவர் 'பொன்னியின் செல்வ'னை ரெண்டு தடவை விட்டுவிட்டு மூன்றாவது தடவை முடித்தார். இன்னொருவர் விட்டது விட்டதுதான், நிம்மதியாக இருக்கிறார்.

ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' இருக்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில் பாடுபடுகிறவர்களின் கதை. அந்த அம்மா நேரில் போய்ப் பார்த்து, பேசி எழுதினார். நம்ம அக்காவும் சின்ன வயதில் எண்ணூர் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர். முதலிலேயே அதைக் கொடுத்திருக்கணும், பழைய புத்தகம் என்றால்தான் மரியாதை என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகப் போகிறேன். கூட வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்க.