தேக்கிலை தின்னும் அந்து

அந்துப்பூச்சி என்றதும் விளக்கைச் சுற்றி மடியும் பூச்சிதான் நம்மிற் பலருக்கு நினைவு வரும். இன்று நான் கூற விரும்புவது, காட்டிலே வாழ்ந்து, ஓங்கி நிற்கும் தேக்கையே மொட்டையாக்கிவிடும் ஒரு சிற்றுயிரைப் பற்றி. அறிவியலார் இதனை ‘ஹைப்லியா பியூரா’ என்பர்.

சிறகை விரித்தால் மூன்று அல்லது நான்கு சென்டிமீட்டர். அவ்வளவே இதன் அளவு. முன்சிறகு சாம்பல் கலந்த பழுப்பு. அமர்ந்திருக்கையில் அதுவே மேலே மூடிக்கொள்வதால், சருகுக்கும் இதற்கும் வேற்றுமை தெரியாது. பறக்கும்போதுதான் கருநிறப் பின்சிறகும், அதில் தீட்டிய செம்மஞ்சள் திட்டுகளும் வெளிப்படும். ஏழை வீட்டுப் பெட்டியில் மடித்து வைத்த பட்டுப்போல என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதனைக் காண ஏற்ற இடம் கேரளத்து நிலம்பூர். 1840-களில் மலபார்க் கலெக்டர் கனோலியின் முயற்சியாலும், சாத்து மேனோன் என்பாரின் உழைப்பாலும் அங்கே தேக்குத் தோட்டம் எழுந்தது. அந்நாளில் மலபார் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அன்று நட்ட மரங்களிற் சில இன்றும் நிற்கின்றன.

கோடையில் இலையுதிர்த்த தேக்கு, தளிர்விட்டுப் பருவமழைக்கு முந்திய மழையை ஏற்கும் வேளையில் அந்துகள் கூட்டமாக வந்திறங்குகின்றன. பெண் அந்து ஒன்று ஐந்நூறு முட்டைகள் வரையிலும், சிற்சமயம் அதற்கு மேலும் இடும். அதுவும் இளந்தளிரிலே, ஒவ்வொன்றாக, நரம்பை ஒட்டி. இரண்டொரு நாளில் புழு வெளிப்படும். சிறு புழு இலையின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும். சற்று வளர்ந்ததும் அது செய்யும் வேலையைப் பாருங்கள்! இலையின் ஓரத்தைக் கத்தரித்து, மடித்து, தன் வாயிலிருந்து வரும் பட்டிழையால் தைத்து, அதனுள்ளே குடியிருக்கிறது. பசித்தபோது வெளியே வந்து தின்று, மீண்டும் உள்ளே புகுகிறது. முடிவில் பெருநரம்புகளே மிஞ்சும். புழுக்கள் மிகுந்த நாளில் அம்மரங்களின் அடியில் நான் நின்றிருக்கிறேன். வானம் தெளிவாக இருந்தது. ஆயினும் தூறல் விழும் ஓசை கேட்டது. புழுக்களின் எச்சம் சருகுகளின்மேல் உதிரும் ஓசை அது!

முழு வளர்ச்சி பெற்ற புழு, நூலிழையில் தொங்கித் தரைக்கு இறங்கிச் சருகிடையே கூட்டுப்புழுவாகிறது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் அந்து பிறக்கிறது. வெப்பமும் தளிரும் வாய்த்தால், முட்டை முதல் அந்து வரை மூன்று வாரங்கூட ஆவதில்லை. பிறந்த கூட்டம் பெரும்பாலும் அங்கே தங்குவதில்லை. வேறு தளிர் தேடிப் போய்விடுகிறது.

மரம் பட்டுப்போவதில்லை; மீண்டும் துளிர்க்கும். ஆகவே தீங்கில்லை என்று எண்ணிவிடலாமா? நிலம்பூரின் இளந்தோட்டத்தில், பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் சில மரங்களைப் புழு அண்டாமற் காத்து, மற்றவற்றோடு ஒப்பிட்டனர். பெறக்கூடிய மரவளர்ச்சியில் 44 விழுக்காடு இப்புழுவால் இழப்பாவது தெரிந்தது. ஏறத்தாழப் பாதி!

காடு முழுவதும் நஞ்சு தெளித்தால் பறவையும் தேனீயும் சேர்ந்து மடியும். நல்வாய்ப்பாக, இப்புழுவுக்கென்றே ஒரு வைரசு நோய் உண்டு. அவ்வாராய்ச்சியாளரே 1988-இல் அதனை அறிவித்தனர். நோயுற்ற புழுவின் உடல் நீராய் உருகிவிடும். அந்த நீரிலுள்ள வைரசு இலையிற் பட்டு, அதைத் தின்னும் அடுத்த புழுவையும் பற்றும். அதனைப் பெருக்கித் தெளிக்கவும் முறை கண்டனர். ஆனால் புழு சிறிதாக இருக்கையிலேயே தெளிக்க வேண்டும். ஆதலால், முதல் மழைக்குப்பின் தோட்டத்தின் எந்த மூலையில் முதற்கூட்டம் இறங்கியது என்று கண்டறிவதே வனக் காவலருக்கு முதல் வேலையாகிறது.